விருது யாருக்கு? கொடுப்பவரை முதலில் பாருங்கள்

சின்னத்திரைச் செய்தி எழுதும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஆசிரியர் ஒருநாள் கட்டாயம் சொல்வார்: “இந்த வருஷம் பெஸ்ட் ஆக்டர், ஆக்ட்ரஸ் யாருன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுப்பா.” மேற்கு மாம்பலத்தில் அறை எடுத்துத் தங்கி, அசோக் நகர் தாண்டி வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் ஷூட்டிங் செய்திக்காக ஓடும் இளைஞர்கள் பலர் இந்தப் பட்டியலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். தமக்குப் பிடித்த ஐந்து பேர், அவ்வளவுதான். கணிப்பு பொய்த்துப் போனால் ‘விருதெல்லாம் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கணிப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. நடிப்பை எடைபோடும் முன், விருதைக் கொடுப்பது யார், அவருக்கு அதனால் ஆக வேண்டியது என்ன என்று பார்க்க வேண்டும்.

சன் குடும்பம் விருதுகள் 2010-இல் தொடங்கின. விஜய் டெலிவிஷன் அவார்ட்ஸ் 2014-இல். ஜீ தமிழ் குடும்பம் விருதுகள் 2018-இல். மூன்றும் அந்தந்தச் சேனல் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவை. சன் டிவியின் ‘கயல்’ சைத்ரா ரெட்டியும் விஜய் டிவியின் ‘பாக்கியலட்சுமி’ சுசித்ராவும் ஒரே காலத்தில் வீடுதோறும் பேசப்பட்டாலும், இந்த மேடைகளில் ஒரே பிரிவில் மோத வழியே இல்லை. எனவே ‘தமிழ்ச் சின்னத்திரையின் சிறந்த நடிகை’ என்று பொதுவாக ஒரு பட்டியல் போடுவது முதல் தவறு. சேனல்வாரியாகப் போடுங்கள்.

சேனல் விருதைக் கணிக்க, நிகழ்ச்சி அட்டவணைதான் முதல் ஆதாரம். பிரைம் டைமில் எந்த ஸ்லாட், வியாழக்கிழமை வரும் டிஆர்பியில் எந்த இடம், ப்ரோமோவில் யார் முகம் அதிகம் வருகிறது, இரண்டு தொடர்கள் இணையும் மகாசங்கமத்தில் எந்தத் தொடரை முன்னே நிறுத்துகிறார்கள் என்று மூன்று மாதமாவது குறித்து வையுங்கள். விருது விழா அந்தச் சேனலுக்கு ஒரு பெரிய ப்ரோமோவும்கூட. ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் நாயகிக்குக் கிடைக்கும் கைத்தட்டல் மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பயன்படும். முடிந்துபோன தொடரின் நாயகிக்குக் கிடைப்பது அப்படிப் பயன்படாது. இரண்டு பேரும் சமமாக நடித்திருந்தால், ஓடும் தொடர்க்காரர் பெயரை மேலே எழுதுங்கள்.

அமெரிக்காவின் எம்மி விருதில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே நடிப்புப் பிரிவுகளுக்கு வாக்களிப்பவர்கள் டெலிவிஷன் அகாடமியில் உள்ள சக நடிகர்கள். நாடகத் தொடர் பிரிவில் பரிந்துரை பெற்றவர் தன் சார்பில் ஒரே ஒரு எபிசோடைத் தேர்ந்து அனுப்புகிறார். எந்த எபிசோட் என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. ‘மேட் மென்’ தொடரின் ஜான் ஹாம் 2008 முதல் அந்தத் தொடருக்காகத் தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்டு, எட்டாவது முறையாக 2015-இல்தான் சிறந்த நாயகன் விருதைப் பெற்றார். அது தொடரின் கடைசி சீசன். ‘இனி இவருக்குக் கொடுக்க வாய்ப்பில்லை’ என்ற எண்ணம் சக கலைஞர்களிடம் வேலை செய்யும். சேனலிடம் அது செல்லுபடியாகாது. எம்மி கணிப்பாளர்களின் முறையை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்தினால் தப்பாகத்தான் போகும்.

நம் தொடர்களில் நாயகன் பிரிவைக் கணிப்பதுதான் கடினம். கதை பெண்களைச் சுற்றியே ஓடுவதால் நாயகனுக்கு நடிக்க வாய்ப்பே குறைவு. எதிர்மறைப் பாத்திரங்களைக் கணிப்பதுதான் எளிது. ‘தெய்வமகள்’ தொடரில் அண்ணியாராக வந்த ரேகா கிருஷ்ணப்பாவை நினைத்துப் பாருங்கள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து, தொடருக்கே முகமாகிவிட்டார். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, ஒரு வில்லனுக்காக வீடுகள் துக்கம் கொண்டாடின. இப்படிப்பட்ட நடிகரை ‘வில்லன்தானே’ என்று பட்டியலின் அடியில் தள்ளாதீர்கள்.

பார்வையாளர் வாக்கில் முடிவாகும் ‘ஃபேவரிட்’ பிரிவுகளுக்கு வேறு சோதனை உண்டு. மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில், அயோத்தியா மண்டபத்துப் பக்கம் மாலையில் கூடும் மாமிகளிடம் பேச்சுக் கொடுங்கள். நடிகையின் சொந்தப் பெயர் தெரியாமல் பாத்திரத்தின் பெயரிலேயே அவரைத் திட்டவோ பரிந்து பேசவோ செய்கிறார்களா என்று கவனியுங்கள். அந்தப் பெயர்தான் வாக்கு வாங்கும். ஆனால் மாம்பலம் மட்டும் தமிழ்நாடு இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அரசு விருது மூன்றாவது வகை. தேர்வுக் குழு முடிவு செய்வதால் எல்லாச் சேனல்களும் ஒரே பட்டியலில் வரும். டிஆர்பிக்கு அங்கே அவ்வளவு மதிப்பில்லை. காலம்தான் சிக்கல். 2009 முதல் 2013 வரைக்கான தமிழ்நாடு அரசு சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 4 அன்று கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. 2009-இல் நடித்தவர் கையில் வாங்கப் பதின்மூன்று ஆண்டுகள். நடிகர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சிறந்த காட்சிகளைத் தேதி, எபிசோட் எண்ணோடு நீங்களே சேமித்து வையுங்கள். உங்களுக்காக வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

எழுதும்போது மூன்று பெயர்களைத் தனித்தனியாக எழுதப் பழகுங்கள்: பட்டியலில் வரக்கூடியவர், வெல்லக்கூடியவர், வெல்ல வேண்டியவர். மூன்றையும் குழப்புவதால்தான் கணிப்பு ரசிகர் கடிதமாகிவிடுகிறது. காரணத்தை எழுதி, தேதி போட்டு வெளியிடுங்கள். தப்பினால் எங்கே தப்பியது என்று அடுத்த ஆண்டு பார்த்துத் திருத்தலாம். இன்னொன்று: சேனல் விழாக்கள் முன்கூட்டியே படமாக்கப்பட்டுப் பிறகுதான் ஒளிபரப்பாகின்றன. இடையில் கோப்பையோடு எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு ‘கணிப்பு’ என்று போடுவது மோசடி. தெரிந்தால் செய்தியாகப் போடுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். ‘நம்ம பேரையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க’ என்று மேனேஜர்கள் கேட்டால், ஒருமுறைகூட இணங்கக் கூடாது. ஒருமுறை இணங்கிவிட்டால் அதன் பிறகு உங்கள் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கன்னடத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்து நடிக்கும் பல நாயகிகளுக்கு வேறொரு பெண் குரல் கொடுக்கிறார். நாம் அழுத காட்சிகளில் பாதி அவருடைய உழைப்பு. இந்த ஆண்டு நீங்கள் போடும் பட்டியலில் நாயகியின் பெயருக்குப் பக்கத்தில், விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பின்னணிக் குரல் கலைஞரின் பெயரையும் எழுதுங்கள்.