வேஸ்ட் ஆயில் பேரலுக்கும் கணக்கு உண்டு

போத்தனூரை ஒட்டிய குறிச்சி சிட்கோவில் ஸ்டோர்ஸ் பொறுப்பிலோ சூப்பர்வைசராகவோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? பின்பக்கச் சுவரோரம் ஒரு பேரல் நிற்கும். மெஷின்களில் இருந்து வடித்த ஹைட்ராலிக் ஆயிலும் கியர் ஆயிலும் அதில் கிடக்கும். முதல் வாரமே அதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

"தெரிஞ்ச ஆளுதாங்க, கையோட காசு, பேப்பர் எதுக்குங்க?" என்று யாராவது வண்டியோடு வருவார். கொடுக்காதீர்கள். அப்படிப் போகும் எண்ணெயைச் சென்ட்ரிங் பலகையில் பூசுகிறார்கள், அடுப்பில் எரிக்கிறார்கள், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். நம் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் குளத்துக்கும் நொய்யலுக்கும்தான் போய்ச் சேருகிறது.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடக்கம். முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. பேரலில் லேபிள் ஒட்ட வேண்டும். வந்ததும் போனதும் படிவம் 3இல் ஏற வேண்டும்.

பெரும்பாலான பட்டறைகள் கோட்டை விடுவது எண்ணெயைக் கலப்பதில். கூலன்ட், தின்னர், பார்ட்ஸ் கழுவிய மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே பேரலுக்குப் போகும். மறுசுழற்சிக்குப் போகும் எண்ணெயில் ஈயம் 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் 2 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். கண்டதையும் கலந்தால் விலையும் போகும், வாங்கவும் ஆள் வராது. கூலன்டுக்குத் தனி பேரல், மூடிக்குப் பூட்டு, அடியில் சிந்தினால் தாங்கும் தொட்டி. இந்த மூன்றுக்கும் முதலாளியிடம் பேசிப் பணம் வாங்குவது உங்கள் வேலை. எடுத்து ஊற்றுபவர்களுக்குக் கையுறையும் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெய் தோலில் நாள்தோறும் படுவது நல்லதல்ல.

எண்ணெய் வண்டியில் ஏறும்போது மேனிஃபெஸ்ட், அதாவது சரக்கோடு போகும் சீட்டு, ஏழு பிரதிகள் வேண்டும். வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் உங்களுக்கு. மற்ற ஐந்தும் வண்டியோடு போகும். சரக்கைப் பெற்றுக்கொண்ட மறுசுழற்சி ஆலை நீலப் பிரதியைக் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வரும்வரை போன் போட்டுக் கேளுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரியிடம் எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்று காட்ட உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள்தான். 2024 ஏப்ரலில் இருந்து சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம்.

அதே 2024 ஏப்ரல் 1 முதல் லூப்ரிகன்ட் தயாரிப்பாளர்களே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. சேகரிப்பு முகவர்களும் மறுசுழற்சி ஆலைகளும் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, இந்தப் பதிவு, மேனிஃபெஸ்ட், படிவம் 4 மூன்றையும் கையாளத் தெரிந்தவருக்குப் பட்டறைக்கு வெளியிலும் வேலைக் கதவு திறக்கும் என்பது என் உறுதியான கருத்து. படிவம் 4, ஆண்டு அறிக்கை. கடைசி நாள் ஜூன் 30. இந்த ஆண்டு அதை ஆடிட்டரிடம் விடாமல் நீங்களே நிரப்பிப் பாருங்கள்.