பாதி பாதியாய்க் குறையும் கணக்கு

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அவ்விடம் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவிப் புல்லிலும் மண்ணிலும் படிந்தன. அவற்றுள் அயோடின்-131, சீசியம்-137 ஆகிய இரண்டும் முதன்மையானவை.

கதிரியக்க அணுவின் கரு நிலையற்றது. கதிர்களை வெளியிட்டு வேறொரு கருவாக மாறுவது. இம்மாற்றமே கதிரியக்கச் சிதைவு ஆகும். குறிப்பிட்ட ஓர் அணு எப்பொழுது சிதையும் என எவராலும் கூற இயலாது. ஆயினும், கோடிக்கணக்கான அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தைத் திட்டமாகக் கூறலாம். அதுவே அரை ஆயுட்காலம் எனப்படும்.

அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். அவ்வாறாயின், 16 நாளில் அது முற்றும் மறைந்துவிடுமா? மறையாது. எஞ்சிய பாதியிலும் பாதியே சிதையும். 8 நாளில் அரை, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால், 32 நாளில் வீசம் என எஞ்சும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவாகும்.

அப்புல்லை மேய்ந்த பசுக்களின் பாலில் அயோடின் கலந்தது. பாலைப் பருகிய சிறுவர்களின் தைராய்டு சுரப்பி அதனை ஈர்த்துக்கொண்டது. அந்நாளில் சிறுவராய் இருந்தோருள் ஆயிரக்கணக்கானோர் பின்னாளில் அச்சுரப்பியில் புற்றுநோய் உற்றனர். அதற்கு அப்பால் பெருங்காரணம் ஆயிற்று. அதனைப் பொடியாக்கி மூன்று திங்கள் வைத்திருந்தால், அயோடினின் தீங்கு ஏறத்தாழ முழுதும் நீங்கியிருக்கும்.

சீசியம்-137இன் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 30 ஆண்டு. அன்று வெளிப்பட்டதில் பாதி 2016இலும் சிதையாது எஞ்சியது. 2046இலும் கால் பங்கு எஞ்சும். அதன் தீங்கு நீங்கச் சில திங்கள் காத்திருத்தல் போதாது. நிலையத்தை அடுத்திருந்த பிரிப்பியாத் நகர மக்கள் விபத்தின் மறுநாளே வெளியேற்றப்பட்டனர். அந்நகரில் இன்றும் குடியிருப்போர் இல்லை.

எங்குக் காத்திருத்தல் போதும், எங்கு விலகிச் செல்லுதல் வேண்டும் என்பதை அரை ஆயுட்காலம் நமக்கு அறிவிக்கிறது.

அருஞ்சொற்பொருள்
எஞ்சுதல் – மீதமாதல்
அரைக்கால் – எட்டில் ஒரு பங்கு
வீசம் – பதினாறில் ஒரு பங்கு
திங்கள் – மாதம்

பயிற்சி
1. அரை ஆயுட்காலம் என்றால் என்ன?
2. 64 கிராம் அயோடின்-131இல் 40 நாளுக்குப்பின் எஞ்சுவது எவ்வளவு?
3. பாலைக் காத்துவைத்துத் தீங்கு நீக்கலாம். மண்ணை அவ்வாறு செய்ய இயலாது. ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.