கொசுவிரட்டிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எவ்வாறு?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சல் பிரிவில் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். அதே பருவத்தில் இன்னொரு வகை நோயாளிகளும் எங்களிடம் வருகின்றனர். கொசுவிரட்டித் திரவத்தைக் குடித்துவிட்ட குழந்தைகள், சுருள்புகையால் மூச்சிரைப்பு மிகுந்த முதியோர், களிம்பு பட்டுக் கண் எரிச்சலுற்றோர் ஆகியோர் இவர்கள். கொசுவிடமிருந்து காத்துக்கொள்வது இன்றியமையாதது. ஆனால் அதற்கு நாம் பயன்படுத்தும் பொருள்கள் யாவும் வேதிப்பொருள்களே என்பதை மறத்தல் கூடாது.

கொசு கடிக்கும் நேரம்

மாலையில் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டால் போதும் என்று பல குடும்பத்தினர் கருதுகின்றனர். டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் கதிரவன் உதித்த பின் சில மணி நேரமும், மாலையில் மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அது மிகுதியாகக் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில் கடிப்பவை. ஆகவே இரவுக்குக் கொசுவலையும், பகலுக்கு முழுக்கை உடையும் தோலில் பூசும் விரட்டியும் தேவை. பள்ளி செல்லும் பிள்ளைக்குக் காலையிலேயே பூசிவிட வேண்டும்.

தோலில் பூசும் விரட்டிகள்

இவை கொசுவைக் கொல்வதில்லை. நம் உடலின் மணத்தை அறிந்து நெருங்கும் கொசுவின் உணர்வைக் குழப்பி விலக்குகின்றன. அதனால் பூசப்படாத இடத்தில் கொசு கடிக்கவே செய்யும். டீட், பிக்காரிடின் ஆகியவை நெடுநாள் ஆய்வுக்குட்பட்ட மருந்துகள். டீட் 1957 முதல் பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது.

உறையில் காணும் விழுக்காடு, விரட்டி எவ்வளவு நேரம் பயன் தரும் என்பதையே காட்டுகிறது. அதன் வலிமையை அன்று. 10 விழுக்காடு டீட் ஏறத்தாழ 2 மணி நேரமும், 30 விழுக்காடு ஏறத்தாழ 5 மணி நேரமும் காக்கும். 50 விழுக்காட்டுக்கு மேல் செல்வதால் கூடுதல் பயன் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. குழந்தைகளுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட டீட் வேண்டா. பிறந்து 2 மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த விரட்டியும் பூசலாகாது. தொட்டிலுக்கும் தூளிக்கும் வலை போர்த்துவதே போதிய காப்பு. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தவற்றை 3 வயதுக்குட்பட்டோருக்குத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற தாய்மார் உறையிலுள்ள அறிவுரைப்படி டீட், பிக்காரிடின் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

பூசும்போது கடைப்பிடிக்க வேண்டியவை:

• ஆடையால் மூடப்படாத தோலில் மட்டும் மெல்லியதாகப் பூசுக. ஆடைக்குள் பூசற்க.
• காயம், சிரங்கு, தடிப்பு உள்ள இடங்களிலும், கண், வாய் அருகிலும் பூசற்க.
• குழந்தைக்குப் பெரியவரே தம் கையில் எடுத்துப் பூசிவிடுக. குழந்தை கையை வாயிலும் கண்ணிலும் வைக்குமாதலால் அதன் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசற்க.
• தெளிப்பானை முகத்தில் நேராகத் தெளிக்கற்க. கையில் தெளித்து முகத்தில் தடவுக.
• வெயில்காப்புக் களிம்பும் பூசுவதாயின் அதை முதலிலும் விரட்டியைப் பின்னரும் பூசுக.
• வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவுக.

டீட் சில வகைப் பிளாஸ்டிக்கை அரிக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுருளும் திரவமும்

ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் உள்ள அளவுக்கு ஒப்பானது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு சுருளுக்கருகில் உறங்குவது நுரையீரலுக்குத் தீங்கானது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை உடையோர் இருக்கும் வீட்டில் சுருளை அறவே தவிர்க்க வேண்டுகிறோம்.

பிளக்கில் பொருத்தும் திரவத்தில் புகை இல்லை. ஆயினும் அதன் ஆவியும் சிலருக்கு இருமலைத் தூண்டும். சன்னலைச் சிறிது திறந்து வைத்து, தலைமாட்டுக்கு எட்டத்தில் பொருத்துக. அதைவிடப் பெரிய இடர் அந்தச் சிறு புட்டியில் உள்ளது. பூச்சிக்கொல்லி மருந்தைக் கரைக்கப் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகை எண்ணெயே சேர்க்கப்படுகிறது. தவழும் குழந்தையின் கைக்கெட்டும் பிளக்கில் அதைப் பொருத்துவதும், மாற்றுப் புட்டியைத் தாழ்வான அலமாரியில் வைப்பதும் ஆபத்தை அழைப்பதாகும்.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லையா?

வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து விளக்கேற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிறு குழந்தை கற்பூரத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். வேப்பெண்ணெய் உட்கொண்ட கைக்குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதுண்டு. வீட்டில் கலந்து வைத்த எண்ணெயையும் மருந்துப் புட்டியைப் போலவே பூட்டி வைத்தல் நன்று.

தவறி விழுங்கிவிட்டால்

முதலில் வேண்டுவது பதறாமை. வாயில் விரலிட்டோ உப்புநீர் புகட்டியோ வாந்தி எடுக்க வைக்கலாகாது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும். உயிருக்கே கேடு விளைவது பெரும்பாலும் இதனால்தான். பாலும் புகட்ட வேண்டா. வாயைத் துடைத்து, எண்ணெய் சிந்திய ஆடையைக் களைந்து, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வருக. இருமல், மூச்சிரைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டால் 108-ஐ அழையுங்கள். குழந்தை நலமாகத் தோன்றினாலும் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்து வெளிப்படலாம். ஆதலால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. விரட்டி கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின் மருத்துவரிடம் காட்டுக.

காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் வலை வேண்டும்

டெங்குக் காய்ச்சல் கண்டவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களில் பிறருக்கு நோயைப் பரப்பும் தன்மை பெறுகிறது. ஆதலால் காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வைப்பது, அவ்வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கும் வழியாகும். மருத்துவமனைப் படுக்கைகளுக்கு வலை கட்டுவதும் இதற்காகவே. புழுக்கமாக இருக்கிறது என்று அதை விலக்கிவிட வேண்டா.

விரட்டி நம்மைச் சில மணி நேரமே காக்கும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால், கொசு பிறப்பதையே தடுக்கலாம். அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.