ஓர் உறைக்குள் இரு கத்திகள்

ஓர் உறைக்குள் இரு கத்திகள் இருக்க முடியாது என்பார்கள் பெரியோர். இதை ஜெஞ்சாரோமில் உள்ள என் வீட்டுக் கணினியில் நான் கண்கூடாகப் பார்த்தேன்.

தமிழ்க் கட்டுரைகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதே என் இறுதியாண்டு ஆய்வு. அதற்கு யூனிக்ஸ் கட்டளைகள் வசதியானவை. என்னிடம் இருந்ததோ விண்டோஸ். ஆகவே, விண்டோஸிலேயே யூனிக்ஸ் போன்ற சூழலைத் தரும் 'சிக்வின்' மென்பொருளை நிறுவினேன். பிறகு, நண்பர் பென்டிரைவில் கொடுத்த சிறு நிரல் ஒன்றை அதற்குள்ளிருந்து ஓட்டினேன். உடனே பிழைச்செய்தி, வேலை நின்றது. "ஃபார்மட் பண்ணிடு" என்றார்கள் நண்பர்கள். நான்கு மாத உழைப்பு உள்ளே இருந்தது. நகல் எடுத்து வைக்காதது என் தவறு.

நல்லவேளை, பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தேன். சிக்வின் நிரல்கள் யாவும் 'சிக்வின்1.டிஎல்எல்' என்ற நூலகக் கோப்பை நம்பியே இயங்குகின்றன. ஒரு பதிப்பில் ஓடும் நிரலுக்குள்ளிருந்து, வேறு பதிப்பை எடுக்கும் நிரலை ஓட்டினால் மோதல் வரலாம். நண்பரின் நிரலோ தன் கோப்புறையிலேயே பழைய பதிப்பு ஒன்றை வைத்திருந்தது. விண்டோஸ் முதலில் அங்கேதான் தேடும். அந்தப் பழைய கோப்பின் பெயரை மாற்றினேன், அழிக்கவில்லை. நிரல் சிக்வினின் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு ஓடியது. இரண்டும் 64 பிட் என்பதால் இது முடிந்தது. 32 பிட் நிரல் 64 பிட் நூலகத்தை ஏற்காது.

மோதல் பெயராலும் வரலாம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் "முருகன் கடையில் நில்" என்று ஒருவரை அனுப்பினால், முதலில் எதிர்ப்படும் முருகன் கடையில்தான் நிற்பார். கணினியும் அப்படித்தான். 'பாத்' பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்த்து, முதலில் கிடைக்கும் நிரலை ஓட்டிவிடும். 'ஃபைண்ட்' என்ற கட்டளை இரு பக்கமும் உண்டு. விண்டோஸில் அது கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடும். யூனிக்ஸில் கோப்பையே தேடும். எது ஓடுகிறது என்று அறிய, சிக்வினில் 'விச் -ஏ ஃபைண்ட்' என்று தட்டுங்கள். கிடைக்கும் அனைத்தும் வரிசையாகத் தெரியும். முதலில் வருவதே ஓடும்.

முகவரியிலும் கவனம் தேவை. ஒரே சி டிரைவ், சிக்வினில் '/சிக்டிரைவ்/சி', கிட் பேஷில் '/சி', 2016-இல் வந்த விண்டோஸின் லினக்ஸ் துணை அமைப்பில் '/எம்என்டி/சி'. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓட்டினால் "கோப்பு இல்லை" என்றே பதில் வரும்.

ஆகவே நண்பர்களே, ஒவ்வொரு சூழலையும் அதனதன் சன்னலில் இயக்குங்கள். எல்லாவற்றையும் விண்டோஸின் பொதுவான 'பாத்' பட்டியலில் சேர்க்காதீர்கள். எதையும் மாற்றும் முன் ஆய்வுக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுங்கள். ஃபார்மட் செய்வது கடைசி வழியாகவே இருக்கட்டும்.