கிழக்குக்கு ஒரு வரிசை, மேற்குக்கு ஒரு வரிசை

பெங்களூரு சிவாஜிநகரில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. மொட்டை மாடிகள் சிறியவை. சோலார் பேனலைத் தெற்கே பார்த்து வைப்பது நல்லது. ஆண்டு முழுவதும் அதிக மின்சாரம் கிடைக்கும். இடம் போதாவிட்டால் சிலவற்றைக் கிழக்கே பார்த்தும், சிலவற்றை மேற்கே பார்த்தும் வைக்கலாம்.

கிழக்குப் பேனலுக்குக் காலை வெயில் நன்றாகக் கிடைக்கும். மேற்குப் பேனலுக்கு மாலை வெயில் கிடைக்கும். இவற்றை எப்படி இணைப்பது?

பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது தொடர் இணைப்பு. இதில் எல்லாப் பேனல்களிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடும். குழாயில் ஓர் இடம் ஒடுங்கினால் தண்ணீர் குறைகிறது அல்லவா? அதுபோல, வெயில் குறைந்த பேனல் மற்றவற்றின் மின்சாரத்தையும் குறைக்கும்.

ஆகவே ஒவ்வொரு திசைக்கும் தனி வரிசை வேண்டும். இரண்டு வரிசையிலும் ஒரே வகைப் பேனல்கள், ஒரே எண்ணிக்கையில் இருந்தால் பக்க இணைப்பில் சேர்க்கலாம். எண்ணிக்கை வேறானால், இரண்டு எம்.பி.பி.டி. உள்ள இன்வர்ட்டர் கேளுங்கள். அது ஒவ்வொரு வரிசையையும் தனியாகக் கவனிக்கும்.

2024இல் மத்திய அரசு வீட்டுச் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. மீதிச் செலவு நம்முடையது. தவறாக இணைத்தால் அந்தப் பணம் வீண்.

எச்சரிக்கை: மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் படும் பேனலில் மின்சாரம் இருக்கும். உயிருக்கு ஆபத்து. ஒயரைத் தொடாதீர்கள். பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பதில் எழுதுங்கள்:
1. மாலை வெயில் எந்தப் பேனலுக்கு நன்றாகக் கிடைக்கும்?
2. இரண்டு திசைப் பேனல்களை ஏன் ஒரே வரிசையில் இணைக்கக் கூடாது?