ராணியின் தோளில் ஒரு செங்காந்தள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எலிசபெத் ராணியின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இடது தோளுக்குக் கீழே ஒரு ப்ரோச் இருக்கிறது. இந்த நகை எங்கே பிறந்தது? (மதுரை வாசகி)

முந்தானை நழுவாமல் இருக்க நீங்கள் குத்திக்கொள்ளும் ஊக்கும் ராணியின் ப்ரோச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பொத்தான் பரவாத காலத்தில் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் துணியைப் போர்த்தித் தோளில் ஒரு முள்ளால் குத்தி நிறுத்தினார்கள். கம்பியை வளைத்து, நடுவில் ஒரு சுருள் போட்டு, முனையைக் கொக்கியில் மாட்டும் வித்தை வெண்கலக் காலத்திலேயே, 3,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ரோமர்கள் அதை ஃபிபுலா என்றார்கள். வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849-இல் காப்புரிமை வாங்கிய சேஃப்டி பின்னிலும் அதே சுருள், அதே கொக்கிதான். முனை கையைக் குத்தாதபடி ஒரு மூடி மட்டும் கூடியது. 15 டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். உலகத்துப் பெண்கள் பாதிப் பேர் உடுப்பில் குத்தியிருக்கும் பொருளுக்கு அவர் கண்ட லாபம் அவ்வளவுதான்.

பழைய பிரெஞ்சில் 'ப்ரோஷ்' என்றால் நீண்ட கூர்முனை. அதிலிருந்து வந்த பெயர்தான் ப்ரோச். முள்தான் முதலில், பொன்னும் கல்லும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. இந்தியாவில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்களிடம் பார்த்துப் பழகிய புடவைக்கட்டை 19-ஆம் நூற்றாண்டில் வங்கத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கட்டோடு இடது தோளில் ப்ரோச்சும் ஏறியது. நம் வீடுகளில் உள்ள பழைய ஸ்டூடியோ போட்டோக்களில் பாட்டிமார் தோளில் மினுங்குவதும் அந்தக் காலத்து நாகரிகம்தான்.

கேள்வி: ராணியிடம் பெரிய நீலக்கல் ப்ரோச் இரண்டு இருந்ததாகப் படித்தேன். படத்தில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோயம்புத்தூர் வாசகர்)

கல்லின் மேற்பரப்பையும் கீழே ஏதாவது தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஒன்றில் நீள்வட்ட நீலக்கல் பட்டை தீட்டப்பட்டிருக்கும். சுற்றிலும் 12 வைரங்கள். கீழே எதுவும் தொங்காது. அது இளவரசர் ஆல்பர்ட் கொடுத்தது. ராணி விக்டோரியாவுக்கும் அவருக்கும் 1840 பிப்ரவரி 10-இல் திருமணம். முந்தின நாள் அவர் மணப்பெண்ணுக்குக் கொடுத்த பரிசு. மறுநாள் வெள்ளை உடுப்பில் அதை அணிந்துதான் விக்டோரியா மணமேடைக்குப் போனார். தனக்குப் பின் அது அரியணைக்கே சேர வேண்டும் என்று எழுதியும் வைத்தார்.

இன்னொன்றில் கல் பட்டை தீட்டாமல் கூழாங்கல் போல வழவழவென்று உருண்டிருக்கும். கீழே ஒரு முத்து ஆடும். டென்மார்க் இளவரசி டாக்மர் 1866-இல் ரஷ்ய இளவரசரை மணந்தபோது, இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா அலெக்ஸாண்ட்ரா அனுப்பிய கல்யாணப் பரிசு அது. டாக்மர் பின்னாளில் பேரரசி மரியா ஃபியோடரோவ்னா ஆனார். புரட்சியில் மகன்களையும் பேரப்பிள்ளைகளையும் பறிகொடுத்து 1919-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1928-இல் டென்மார்க்கில் இறந்தார். 1930-இல் இங்கிலாந்து ராணி மேரி இந்த ப்ரோச்சை விலைக்கு வாங்கினார். அக்கா அனுப்பிய பரிசு, தங்கை உயிரோடு இல்லாத காலத்தில், புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிட்டது. அந்த முத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு சகோதரிகளின் நினைவுதான் வருகிறது.

கேள்வி: 'பாட்டியின் சில்லு' என்று ராணி ஒரு ப்ரோச்சைச் சொல்வாராமே? (திருச்சி வாசகி)

சொன்னது உண்மை. சில்லு என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். கல்லினன் மூன்று, கல்லினன் நான்கு என்ற இரண்டு வைரங்கள். மேலே சதுரவாக்கில் 63.6 காரட், அதன் கீழே பேரிக்காய் வடிவில் 94.4 காரட். இரண்டும் சேர்ந்து 158 காரட். நம் கணக்கில் ஏறக்குறைய நாலு சவரன் எடைக்கு வெறும் வைரம்.

தாய்க்கல் 1905 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அருகே பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்தது. 3,106 காரட், அரைக் கிலோவுக்கும் மேல். சுரங்கத்தின் தலைவர் தாமஸ் கல்லினன் பெயரை வைத்தார்கள். போயர் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த 1907-இல், தோற்ற டிரான்ஸ்வாலின் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கி, வென்ற பிரிட்டனின் மன்னர் ஏழாம் எட்வர்டுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் 1908-இல் அதைப் பிளந்தார். முதல் அடியில் முறிந்தது கத்திதான், கல் அசையவில்லை. கடைசியில் ஒன்பது பெரிய கற்களும் 96 சிறியவையும் கிடைத்தன. முதல் இரண்டும் செங்கோலுக்கும் மணிமுடிக்கும் போய்விட்டன. வெட்டிய கூலிக்கு ஆஷர் வைத்துக்கொண்டவற்றைத் தென்னாப்பிரிக்க அரசு மீட்டு வாங்கி 1910-இல் மேரிக்குக் கொடுத்தது. மேரி எலிசபெத்தின் பாட்டி. 1953-இல் பேத்திக்கு வந்தது.

இந்தக் கற்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நம் அட்டிகையிலிருந்து பதக்கத்தைக் கழற்றித் தனிச் சங்கிலியில் கோத்துக்கொள்வோமே, அப்படித்தான். 1911-இல் இவை மேரியின் மணிமுடியில் இருந்தன. 2023-இல் ராணி கமில்லா அதே மணிமுடியைச் சூடியபோது மறுபடியும் அதில் ஏறின. பழைய படத்தில் கிரீடத்தில் தெரியும் கல்லும் 2012 வைரவிழா வழிபாட்டில் எலிசபெத் தோளில் தெரியும் கல்லும் ஒன்றுதான். ப்ரோச்சை அடையாளம் காண்கிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இது: சட்டத்தை நம்பாதீர்கள், கல்லின் வடிவை நம்புங்கள்.

1958-இல் எலிசபெத் நெதர்லாந்து போனபோது ஆஷர் பட்டறைக்கு இதை அணிந்தே போனார். ஜோசப்பின் தம்பி லூயி அப்போது கண்பார்வை மங்கிய முதியவர். ராணி ப்ரோச்சைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அரைநூற்றாண்டுக்கு முன் தங்கள் பட்டறையில் பிறந்த கல்லை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

இந்தக் கல்லைக் கொடுத்தவர்களும் பெற்றவர்களும் வெள்ளையர்கள். மண்ணுக்குரிய கறுப்பின மக்களை யாரும் கேட்கவில்லை. 2022-இல் எலிசபெத் மறைந்ததும் கல்லினன் வைரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்ற குரல் தென்னாப்பிரிக்காவில் எழுந்தது. அது நியாயமான குரல் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அரண்மனை நகைகளில் இலங்கைக் கல் உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

உண்டு. 1981 அக்டோபரில், சர்வஜன வாக்குரிமையின் பொன்விழாவுக்காக எலிசபெத் இலங்கை வந்தபோது பல நிறக் கற்கள் பதித்த ஒரு ப்ரோச் பரிசாகக் கிடைத்தது. ஆனால் உங்கள் தீவின் கல் இங்கிலாந்துக்குப் போனது அதற்கு வெகு காலம் முன்பே. 1939-இல் சஃபோக்கில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஏழாம் நூற்றாண்டு அரசர் ஒருவரின் கல்லறைக் கப்பலைத் தோண்டியெடுத்தார்கள். அதில் கிடைத்த தோள்பூட்டுகளில் கார்னெட் என்னும் சிவப்புக் கல்லைச் சீவல் சீவலாக வைத்து இழைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய நகைகளின் கார்னெட்டுகளைச் சோதித்தபோது, அவற்றில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது.

கேள்வி: ராணி ப்ரோச் மூலம் ரகசியச் சேதி சொன்னாரா? (சென்னை வாசகி)

கனடாவுக்குப் போனால் மேப்பிள் இலை, நியூசிலாந்துக்குப் போனால் பெரணி இலை. இது மரியாதை, ரகசியம் எதுவும் இல்லை. 2018-இல் டிரம்ப் பிரிட்டன் வந்தபோது ராணி அணிந்த ப்ரோச்சுகளை வைத்து ஊரே கதை கட்டியது. அரண்மனை வாய் திறக்கவில்லை. சேதி சொல்லவே ப்ரோச் அணிந்தவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட். ஈராக் பத்திரிகை தன்னைப் பாம்பு என்று எழுதியதும், ஈராக்கியரைச் சந்திக்கப் பாம்பு ப்ரோச் அணிந்து போனார். அதை அவரே புத்தகமாகவும் எழுதினார்.

கேள்வி: அத்தனை ப்ரோச்சிலும் உங்கள் மனசுக்குப் பிடித்தது எது? (திண்டுக்கல் வாசகர்)

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பூதான்! 1947-இல் எலிசபெத் பெற்றோரோடு ஆப்பிரிக்கா போனார். அந்த ஏப்ரலில் அவருக்கு 21 வயது நிறைந்தது. தெற்கு ரொடீஷியாவின் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்து, பிறந்தநாள் பரிசாக வைர ப்ரோச் ஒன்று கொடுத்தார்கள். வடிவம் அந்த நாட்டின் மலர். அங்கே அதற்குச் சுடர் அல்லி என்று பொருள்படும் பெயர். நமக்கு அது செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது. ஈழத்தில் கார்த்திகைப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதுவேதான். தெற்கு ரொடீஷியா இன்றைக்கு ஜிம்பாப்வே; அதன் தேசிய மலரும் அதுதான், தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான்.

வைரத்தில் செய்த பூவுக்குச் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆனாலும் நம்மால் தப்ப விட முடியாது. இதழ்கள் கீழே விரியாமல் மேலே மடிந்து தீ நாக்குப் போல நெளிந்து நிற்கும் பூ வேறெது?

1952 பிப்ரவரி 6-இல் எலிசபெத் கென்யாவில் இருந்தபோது தந்தை இறந்தார். மறுநாள் கறுப்புக் கோட்டில் லண்டனில் விமானப் படி இறங்கிய 25 வயதுப் பெண்ணின் தோளில் இருந்தது இந்தப் பூதான். ராணியாக அவர் தாய்மண்ணில் கால் வைத்தபோது அணிந்திருந்தது, பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கியது. 158 காரட்டை விட இது எனக்குப் பெரிது.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் பழைய ப்ரோச் ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தஞ்சாவூர் வாசகி)

திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் பார்த்துச் செய்யலாம். காலத்தைச் சொல்வது பின்பக்கம். முள் வெறும் வளைந்த கொக்கியில் மாட்டி, முனை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வேலை. கொக்கியின் வாயைச் சுழற்றி மூடும் பூட்டு இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. வைரத்தை வெள்ளியில் பதித்துப் பின்னால் தங்கம் வைத்திருந்தால் பழசு. பிளாட்டினம் என்றால் சுமார் 1900-க்குப் பிறகு. பூட்டைப் பிற்பாடு மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

புதுசு போல இருக்கிறதே என்று சந்தேகப்படவும் வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐம்புலன்களைச் செதுக்கிய ஒரு வெள்ளி ப்ரோச் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பொருள். பழுதே இல்லாமல் இருந்ததால் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். கேப்டன் ஃபுல்லர் என்பவர் வெள்ளி விலைக்கு வாங்கினார். பிறகு அதன் கறுப்புப் பூச்சைச் சோதித்ததும் அசல் என்று தெரிந்தது. தன் பெயரால் அதை அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1952-இல் அவர் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

அதனால் பாட்டியின் ப்ரோச்சுக்குப் பாலிஷ் போடாதீர்கள். எடைக்குப் போட்டுப் புது நகை வாங்காதீர்கள். யார் வாங்கியது, யார் கொடுத்தது, எந்த விசேஷத்தில் அணிந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.