மேற்குக் கரையா, கிழக்குக் கரையா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

பினாங்கில் தைப்பூசத் தேர் பார்த்த கையோடு கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும். தீவு விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் நமக்கு மேற்கே, பினாங்கிலேயே உள்ள பத்து பெரிங்கிக் கடற்கரை போதும். கொம்தார் பேருந்து நிலையத்தில் 101ஆம் எண் பேருந்து ஏறினால் கடற்கரை ஓரத்திலேயே இறங்கலாம்.

தெளிந்த நீரை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். மலாக்கா நீரிணையின் கலங்கல் நீர் அது. இடுப்பளவு ஆழத்தில் நின்றால் நம் கால்விரல் நமக்கே தெரியாது. ஜெல்லி மீனும் உண்டு. பிள்ளைகளோடு போனால் பையில் ஒரு போத்தல் வினிகர் கட்டாயம் இருக்கட்டும். கொட்டிய இடத்தில் மணலைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பவளப்பாறையும் மீன் கூட்டமும் பார்க்க ஆசையா? ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் கிழக்கே போங்கள். பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி வழியாக மலைச்சாலையில், பெர்ஹெந்தியானுக்குப் படகு கிளம்பும் கோலா பெசுட் படகுத்துறைக்கு ஐந்தாறு மணி நேரமாகும். விடிந்தபின் கிரிக்கைத் தாண்டும்படி கிளம்புங்கள். இருட்டில் அந்தச் சாலையில் யானை குறுக்கே வரும். தீவுச் செலவுக்கு ரொக்கத்தைப் பினாங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.